காரில் இப்போது புள்ளி இல்லை

மகேசு,

உன்னிடம் போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய். அதற்குள் உனக்கு வேறு யாராவது போன் எடுப்பார்கள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, பாதியில் வைக்கவும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு எழுதுவதுதான், ஆனாலும் இதை நீ ஒளித்துப் படிக்க வேண்டாம். நீ கட்டப்போகும் நிரோஷாவும் படிக்கட்டும். அவளுடைய பெரியம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆற அமரப் படிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

விஷயம் கார். உன் கல்யாணத்தன்று பதுளையிலிருந்து பண்டாரவளை மண்டபத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவது எந்தக் கார், அதை ஓட்டுவது யார், அதுதான் விஷயம். நம்முடைய கார், ஓட்டுவது நான் என்கிறேன். நீ வேண்டாம் என்கிறாய். வேண்டாம் என்றதுகூட எனக்குப் பெரிதில்லை. ஏன் வேண்டாம் என்று நீ சொன்ன காரணத்தை நான் அப்படியே நம்பினேன் பார், அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பொங்கலுக்கு வந்திருந்தாயே, சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் நின்று பல் குத்திக்கொண்டே காரைப் பார்த்தாய். அன்றைக்கு நல்ல வெயில். கடும் நீல நிறக் காரில் வெள்ளைப் புள்ளி இருந்தால் வெயிலில் ஒளிக்க முடியுமா? பொனட், கூரை, கதவு என்று எல்லா இடத்திலும் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. "என்னம்மா இது, தேமல் விழுந்த மாதிரி இருக்கு" என்றாய். நான் சிரித்துவிட்டேன், ஏனென்றால் பார்க்க அப்படியேதான் இருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீ சொன்னாய், கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக் கார் எடுத்துவிடலாம், இதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று. உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிதானே, போக்கிவிட்டால் போச்சு என்று மனதுக்குள் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது தெரியுமா? நீ பிடித்துக் கொடுத்த வீட்டிலிருந்து வந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், நாம் இருந்தவரைக்கும் அந்தக் காரில் ஒரு புள்ளி விழுந்ததில்லை. அங்கே பீலித் தண்ணீர். மலையிலிருந்து இறங்கிக் குழாயில் கொட்டும் தண்ணீர், சவுக்காரத்தைக் காட்டினாலே நுரை பொங்கும். உன் அப்பா அதில்தான் காரைக் கழுவுவார், கழுவி வெயிலில் விடுவார். அவர் போன பிறகு நானும் அப்படித்தான் செய்தேன். நமக்கு வெயில் என்றால் சும்மாவா? பனியும் தூறலுமாகவே கிடக்கிற இடத்தில் ஒரு நாள் வெயில் எட்டிப் பார்த்தால் கம்பளி, பாய், விறகு, பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம் வெளியே வந்துவிடும். சளி பிடித்த உன்னையும் சட்டையைக் கழற்றி லயத்து வாசலில் உட்கார வைத்திருக்கிறேன். வெயிலில் காய்ந்தது எதுவும் கெட்டுப்போகாது என்று நம்பி வளர்ந்த சனம் நாம்.

போன வருடம் நீ வந்து, லயத்து வீட்டைக் காட்டிப் பெண் கேட்க முடியாது, பதுளை டவுனுக்கு வந்துவிடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாய். வந்தேன். இந்த வீட்டில் குழாய்க் கிணறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, குடித்தால் வாய்க்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சவுக்காரம் நுரைக்கவில்லை. கேத்தலுக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் படிந்தது. சவுக்காரம் கள்ளச் சவுக்காரம், கேத்தல் மட்டமான கேத்தல் என்று கடைக்காரனைத்தான் திட்டினேன், தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. காரை வாடகைக்கு ஓட்டுகிற ஹயர் வேலை காலையில் முடிந்து பகலில் வருவேன். வெயில் உச்சியில் நிற்கும்போது, பொனட் தொட்டால் சுடும்போது, அந்தத் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவுவேன். கழுவிவிட்டு ஆகா நல்ல வெயில் என்று முற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டுச் சோறு தின்னப் போவேன். தண்ணீர் காய்ந்து போய்விடும், அதில் இருந்த சுண்ணாம்பு போகாது. ஒவ்வொரு துளியும் நின்ற இடத்தில் ஒரு வட்டத்தை வைத்துவிட்டுப் போகும். வெயில் அதைச் சுட்டுச் சுட்டு வண்ணத்தோடு ஒட்டிவிடும். மலையிலிருந்து வந்தவள் வெயிலை நம்பிக் காரைக் கெடுத்தேன். பரவாயில்லை, கெடுத்தவளே சரிப்படுத்தினேன்.

அதையும் கேள், நான் பட்ட பாடு உனக்குத் தெரிய வேண்டும். முதலில் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். ஈரமாக இருக்கிறபோது புள்ளி மறைந்துவிடும், அப்பாடா என்று மூச்சு விடுவேன், காய்ந்ததும் திரும்ப வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து உன் சித்தி ஸ்பிரிங்வெளியிலிருந்து வந்தாள். இதற்கா இவ்வளவு யோசிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றி வருவதற்குள், குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு இடது பக்க முன் கதவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் கையிலிருந்த புளி உருண்டை கீழே விழுந்தது. "அக்கா, பித்தளையே பளபளங்குது, இது தகரந்தானே" என்கிறாள் பாவி. புள்ளி கொஞ்சம் போயிருந்தது உண்மை. அதோடு வண்ணத்தின் பளபளப்பும் போய், சாம்பல் இழுத்த கோடு கோடாகக் கதவில் நின்றது. அவளைத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

பிறகு பசாரில் வாகனச் சாமான் விற்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன். அப்பா காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான கடை. புள்ளி எடுக்கிற போத்தல் ஒன்று இருக்கிறது என்றார், ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற வினாகிரியைப் போட்டுப் பாருங்கள், சுண்ணாம்புக்குப் புளிப்புத்தான் எதிரி என்றார். சித்தியின் புளி பாதி சரி, சாம்பல்தான் பிழை என்று அப்போதுதான் விளங்கியது. வெள்ளை வினாகிரி பாதி, பட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் பாதி. பட்டரித் தண்ணீர் எதற்கென்றால் அதில் சுண்ணாம்பு கிடையாது. காரை வேப்ப மரத்து நிழலில் விட்டு, தகரம் குளிர்ந்து கைக்குச் சில்லென்று ஆகும்வரை காத்திருந்து, தூசி போகக் கழுவி, அந்தக் கலவையில் துணியை நனைத்துப் புள்ளி மேல் போட்டு வைத்தேன். நிறைய நேரம் போட்டு வைக்கவும் கூடாது, காயவிடவும் கூடாது. கொஞ்ச நேரத்தில் எடுத்து, மெதுவாகத் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே மெத்துத் துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு கையகலம் முடிந்த பிறகுதான் அடுத்த கையகலம். அவசரப்பட்டு முழு பொனட்டிலும் ஊற்றினால் ஒரு பக்கம் துடைப்பதற்குள் மறுபக்கம் காய்ந்து புதுப் புள்ளி விழும். அதையும் ஒரு தடவை செய்துதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கும் மசியாத புள்ளிக்கு, வாகனத்துக்கென்று விற்கிற களிமண் கட்டி வாங்கி, சவுக்காரத் தண்ணீரை வழுக்கலுக்கு விட்டுத் தடவினேன். விரலால் தொட்டால் சொரசொரவென்று இருந்த தகரம் வழவழவென்று ஆனது. வண்ணத்துக்குள்ளேயே இறங்கி அரித்திருந்த புள்ளிகளுக்குப் பொலிஷ் போட்டேன், தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆகிவிட்டது. கூரையில் ஒன்றிரண்டு இன்னும் கிடக்கிறது, அதை எடுக்க வேண்டுமென்றால் வண்ணமே அடிக்க வேண்டும் என்றார் நானா. கூரையை யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்? கடைசியாக மெழுகு போட்டேன். இப்போது தண்ணீர் விழுந்தால் சேம்பிலையில் உருளுகிற மாதிரி உருண்டு ஓடிவிடும், உட்காராது. சித்தியின் கோடுகள் மட்டும் அந்தக் கதவில் மங்கலாகத் தெரிகின்றன, அதை நானே விட்டுவிட்டேன். முழு வேலையும் முடிந்த அன்று காரில் என் முகத்தைப் பார்த்தேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் பைத்தியக்காரி மாதிரி இருந்தேன், ஆனால் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் உனக்குப் போன் எடுத்தேன். புள்ளி எல்லாம் போய்விட்டது, வெள்ளைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். நீ, "இருந்தாலும் பழைய காருதானேம்மா" என்றாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பழைய கார்தான், அப்பா வாங்கின கார், அதற்கென்ன என்று நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். நீ சரிம்மா, சரிம்மா என்றாய்.

அடுத்த வாரம் கூறைச் சேலை எடுக்க நிரோஷாவையும் அவளுடைய பெரியம்மாவையும் பண்டாரவளையில் ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வந்தேன். ஓட்டியது நான்தான். சேலையைத் தேர்ந்தெடுத்து, கடைக்காரர் மடித்துக்கொண்டிருக்கும்போது பெரியம்மா என் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போனாள். மரியாதையாகத்தான் பேசினாள், அதையும் சொல்ல வேண்டும். "சம்பந்தியம்மா, கோவிச்சுக்கக் கூடாது. மாப்பிள்ள நல்ல காரியத்துக்குப் பொறப்படுறப்ப மொத மொகம் சுமங்கலி மொகமா இருந்தா நல்லது இல்லீங்களா. நீங்க சொந்தக்காரங்களோட பஸ்ஸுல வந்துருங்க. பொங்கலுக்கு முந்தியே மாப்பிள்ளகிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

பொங்கலுக்கு முந்தியே. அப்படியென்றால் நீ முற்றத்தில் நின்று தேமல் என்று சொன்னபோது உனக்குக் காரணம் கையில் இருந்தது. காரில் புள்ளி இல்லாமல் போயிருந்தால் டயர் தேய்ந்திருக்கிறது என்றிருப்பாய். டயர் புதிது என்றால் சீட் கிழிந்திருக்கிறது என்றிருப்பாய். நான் பாவி, தோள்பட்டை கழலக் கழலப் புள்ளியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பிடிக்காதது காரின் மேல் இருந்த புள்ளி இல்லை, என் நெற்றியில் பொட்டு இல்லாதது. அதை என் முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

மகேசு, எனக்கு வலித்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தக் கடையில் சேலை அடுக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பெரியம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு நான் யார்? நேற்று வந்த சம்பந்தி. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நீ அப்படியா? உன் மாமா, என் கூடப்பிறந்த அண்ணன், தன் மகள் கல்யாணத்துக்கு என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில்தான் நின்றாய். அரிசி மூட்டை, வாழை மரம், சமையல்காரர், நாதஸ்வரக்காரர் எல்லாரையும் இந்தக் கார்தான் இழுத்தது, நான்தான் ஓட்டினேன். பெண் புறப்படுகிற நேரம் வந்ததும் அண்ணன் கையை நீட்டி, சாவியைத் தன் மச்சானின் மகனிடம் கொடு என்றார். கொடுத்தேன். அன்று வீட்டுக்குத் திரும்பி வந்ததும், "ஏம்மா சாவியக் குடுத்தீங்க" என்று என்னிடம் சண்டை போட்டது யார்? நீதான். அந்தக் கோபக்காரப் பயலை எங்கே தொலைத்தாய் என்றுதான் கேட்கிறேன்.

அப்பா போன பிறகு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தது சுற்றுலா வந்தவர்களை எல்ல என்ற ஊருக்குக் கொண்டுபோய் ரயில் பாலம் காட்ட மட்டும் இல்லை. லயத்தில் பிரசவ வலி எடுத்த எத்தனை பிள்ளைகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இதே காரில் இறக்கியிருக்கிறேன், உனக்கே தெரியும். அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில், பின்னால் ஒருத்தி கத்திக்கொண்டு வருவாள், அவளுடைய மாமியார் "மெதுவா, மெதுவா" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவாள். ஒருத்தியாவது காரில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து என் நெற்றியைப் பார்த்தாளா? முதல் முகம் யாருடையது என்று கேட்டாளா? ஒரு பிள்ளை ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னாலேயே பின் சீட்டில் பிறந்தது. அது கண்ணைத் திறந்து பார்த்த முதல் முகங்களில் ஒன்று என்னுடையதுதான். அது நன்றாகத்தான் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, என்னைக் கண்டால் கார் அத்தை என்று கத்துகிறது. நீ கண்ணைத் திறந்ததும் பார்த்த முகமும் இதுதான். அன்றைக்குப் பொட்டு இருந்தது, இன்றைக்கு இல்லை. முகம் வேறா?

சேலை எடுத்த அன்று இன்னொன்றும் நடந்தது. கடையிலிருந்து வெளியே வந்ததும் பெரியம்மா சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். என் முகம் ஆகாது என்றவள் கூறைச் சேலையை என் காரில்தான் கொண்டுபோனாள், அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. வரும்போது நிரோஷாவும் பின்னால்தான் இருந்தாள். திரும்பும்போது அவள் பின்னால் ஏறவில்லை. சுற்றி வந்து, முன் கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பண்டாரவளையில் இறங்கும்போது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து, "பாத்துப் போங்க அத்தை" என்றாள், அவ்வளவுதான். நீ பார்த்த பெண் நல்ல பெண். உன்னைவிட நெஞ்சு உள்ளவள்.

கார் கழுவின கதையை வைத்துக் குடும்பம் நடத்துவதற்குப் பாடம் சொல்வேன் என்று நீ எதிர்பார்த்துக்கொண்டிருப்பாய். சொல்ல மாட்டேன். கார் கழுவுவது கார் கழுவுவதுதான். வேண்டுமென்றால் இதை மட்டும் வைத்துக்கொள்: நிரோஷா செய்வது ஏதாவது உனக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அவளிடம் சொல். குழம்பில் உப்பு இல்லை, கதவில் தூசி என்று வேறொன்றின் மேல் போடாதே. அவள் என்னைப் போல உன் பேச்சை நம்பி, இல்லாத குறையைத் தேய்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். கேட்கவில்லை, சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஸ்பிரிங்வெளிக்குப் போய்ப் பீலித் தண்ணீரைக் கேன்களில் பிடித்து வருவேன். சித்தி தூக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழலில் வைத்துக் கழுவுவேன். ஒரு துளியையும் தானாகக் காயவிட மாட்டேன், மேலிருந்து கீழே துடைத்துவிடுவேன். கண்ணாடி விளிம்பு, கதவுக் கைப்பிடி, இலக்கத் தகட்டின் ஓரம், எங்கெங்கே தண்ணீர் ஒளிந்திருந்து பிறகு வடியுமோ அங்கெல்லாம் துணியை விட்டு ஒற்றுவேன். பிறகு நான் குளித்து, நீ வாங்கித் தந்த சேலையைக் கட்டி, தலையில் பூ வைப்பேன். ஆமாம், பூவும் வைப்பேன். சாவி என் இடுப்பில் இருக்கும், யார் கையை நீட்டினாலும் வராது.

உன் வெள்ளைக் காரும் வாசலுக்கு வரட்டும், நான் தடுக்க மாட்டேன். அது முன்னால் நிற்கட்டும், நம்முடைய கார் அதற்குப் பின்னால் நிற்கும். பார்க்கிற சனம் பார்க்கட்டும். நீ எதில் ஏறுகிறாய் என்று நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளைக் காரில் ஏறினால் உன்னை ஆசீர்வதித்துவிட்டு, மண்டபம் வரைக்கும் உன் பின்னாலேயே ஓட்டி வருவேன். பஸ்ஸில் வரமாட்டேன்.

என் காரில் ஏறுவதென்றால் ஒன்று தெரிந்துகொள். இறங்கி வந்து உனக்குப் பின் கதவைத் திறந்துவிட மாட்டேன். அது ஹயருக்கு வருகிறவர்களுக்குச் செய்வது. மாப்பிள்ளை மாலை நசுங்கினாலும் பரவாயில்லை, சுற்றி வந்து நீயே திற. இடது பக்க முன் கதவு, சித்தி புளி போட்டுத் தேய்த்த கதவு. அதைப் பூட்டாமல் வைத்திருப்பேன்.

அம்மா